வாயிலிருந்து உதிரும் பூக்கள்: போட்டிச்செல்லியின் ‘ப்ரிமவேரா’வைப் படிக்கக் கற்றுக்கொள்வது எப்படி?

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில், உஃபீசி அருங்காட்சியகத்தில், ஒரு பெரிய மரப்பலகை ஓவியம் இருக்கிறது. உயரம் சுமார் 2 மீட்டர், அகலம் 3 மீட்டருக்கு மேல். சாந்த்ரோ போட்டிச்செல்லி 1480ஐ ஒட்டி வரைந்தது. பெயர் ‘ப்ரிமவேரா’, அதாவது வசந்தம். ஒரு தோப்பு, ஒன்பது உருவங்கள், தரையெல்லாம் பூ. பார்த்தவுடனே பிடித்துப்போகும். அடுத்த நிமிடம், “யார் இவர்கள்? எதற்காக இங்கே கூடியிருக்கிறார்கள்?” என்ற கேள்வி வந்து நிற்கும்.

புராணக் குறியீடுகள் நிறைந்த மறுமலர்ச்சிக் கால ஓவியம் எதுவானாலும் புதிதாகப் பார்ப்பவருக்கு நடப்பது இதுதான். உடனே விளக்கத்தைத் தேடிப் போவோம். ஆரஞ்சு என்றால் இது, அம்பு என்றால் அது என்று ஒரு பட்டியல் கிடைக்கும். அதை மனப்பாடம் செய்துகொண்டு படத்துக்குத் திரும்பினால் பட்டியல்தான் கண்ணுக்குத் தெரியும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வலது ஓரத்தில் ஒரு பெண்ணின் வாயிலிருந்து பூக்கள் உதிர்கின்றன என்பதைக் கவனிக்கவே எனக்கு நெடுநாள் ஆயிற்று. இந்தப் படத்தின் கதவு அங்கேதான் திறக்கிறது.

அதனால் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எந்தக் குறியீட்டுக்கும் பொருள் சொல்லும் முன் மூன்று சாட்சிகளை விசாரிப்பேன். முதல் சாட்சி படம். இரண்டாவது, அந்தக் காலத்தவர் கையில் இருந்த நூல். மூன்றாவது, படம் மாட்டியிருந்த வீடு. மூன்றும் ஒத்துப்போனால் தைரியமாகச் சொல்லலாம். ஒன்று மட்டும் சொன்னால் அது ஊகம்.

1. பெயர் தெரியாதவர்போல் பத்து நிமிடம் பாருங்கள்

முதலில் நல்ல படம் வேண்டும். உஃபீசியின் இணையதளத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கும் அளவுக்குத் தெளிவான படம் இருக்கிறது. பழைய அச்சுப் படங்களை நம்ப வேண்டாம். 1982இல் இந்த ஓவியத்தைச் சுத்தம் செய்தார்கள். அதற்கு முன் பழுத்துப்போன வார்னிஷின் அடியில் எல்லாமே பழுப்பாக இருந்தது. மரங்களுக்கு இடையே தெரியும் வெளிர் வானமும் புல்லில் இருக்கும் சின்னச் சின்னப் பூக்களும் அதன் பிறகுதான் துலங்கின. அந்தப் பழுப்புப் படத்தைப் பார்த்துவிட்டு, ‘இருண்ட தோப்பு ஒரு குறியீடு’ என்று எழுத ஆரம்பித்தால் வார்னிஷுக்கு விளக்கம் எழுதியதாகிவிடும்.

அப்புறம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள். வீனஸ் என்று எழுதக் கூடாது. ‘நடுவில் நிற்கும் பெண், தலையை மூடியிருக்கிறாள், வலது கையை உயர்த்தியிருக்கிறாள்’ என்று எழுதுங்கள். யார் நகர்கிறார்கள், யார் நிற்கிறார்கள், யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் யாரைத் தொடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த நான்கு கேள்விகள் போதும்.

‘ப்ரிமவேரா’வில் இப்படிப் பார்த்தால் முதலில் தெரிவது திசை. படம் வலமிருந்து இடமாகப் போகிறது. வலது ஓரத்தில் நீலப்பச்சை உடல் கொண்ட சிறகுள்ள ஒருவன், கன்னம் உப்ப ஊதிக்கொண்டே பாய்ந்து வருகிறான். அவன் வேகத்தில் மரங்களே வளைகின்றன. மெல்லிய வெள்ளை உடை அணிந்த ஒரு பெண்ணை அவன் பிடிக்கிறான். அவள் ஓடுகிறாள், ஆனால் முகம் அவன் பக்கம் திரும்பியிருக்கிறது. வாய் சற்றுத் திறந்திருக்கிறது. இந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உதட்டிலிருந்து ஒரு சிறு பூங்கொத்துபோல ரோஜாவும் வேறு சில பூக்களும் இறங்குகின்றன. அவை கீழே விழும் இடத்தில், பூ வேலைப்பாடுள்ள உடையில் இன்னொருத்தி நிற்கிறாள். ஓடுகிறவளின் கைகள் அவள் உடைமேல் படுகின்றன. வாயிலிருந்து விழும் பூ எது, துணியில் இருக்கும் பூ எது என்று ஒரு கணம் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தப் பக்கம் இவ்வளவு பதற்றம். அந்த இரண்டாமவளிடமோ அது துளியும் இல்லை. நிமிர்ந்து, நம்மை நோக்கி நடந்து வருகிறாள். மடி நிறைய ரோஜா. ஒரு கை அள்ளித் தூவுகிறது.

நடுவில் அந்தத் தலை மூடிய பெண், மற்றவர்களைவிடச் சற்றுப் பின்னால் நிற்கிறாள். அவள் தலைக்கு மேலே கண்கட்டிய சிறுவன் அம்பு எய்யத் தயாராக இருக்கிறான். இடப்பக்கம் மூன்று பெண்கள் கைகோத்து ஆடுகிறார்கள். அம்பு குறிவைப்பது அந்த மூவரில் நடுவில் இருப்பவளை. நமக்கு முதுகு காட்டி நிற்கும் அவள் முகம் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. அங்கே ஓர் இளைஞன் யாரையும் பார்க்காமல், கையிலுள்ள கோலால் மேலே சுருளும் மேகத்தைத் தொடுகிறான்.

இவ்வளவும் எழுதியாகிவிட்டது என்றால் பாதி வேலை முடிந்தது. இன்னும் ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை, ஆனால் படத்தின் அமைப்பு கையில் இருக்கிறது.

2. கையில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பெயர் கண்டுபிடியுங்கள்

இது நமக்குப் புதிதல்ல. கோயில் தூணில் வேலும் மயிலும் இருந்தால் முருகன் என்று குழந்தையும் சொல்லும். கிரேக்க, ரோமானியத் தெய்வங்களுக்கும் அப்படியே. கையிலிருக்கும் பொருள், உடை, கூடவே வரும் உயிரினம், செடி இவற்றை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

இடது ஓரத்து இளைஞனுக்குக் காலில் சிறகு வைத்த காலணி, தலைக்கவசம், பாம்பு சுற்றிய கோல், இடுப்பில் வளைந்த வாள். தேவர்களின் தூதனான மெர்க்குரி அவன். அம்பெய்யும் சிறுவன் குயூபிட். அவன் யாருடைய தலைக்கு மேல் பறக்கிறானோ அவள் அவன் தாய், காதல் தெய்வமான வீனஸாக இருக்க வேண்டும். அவளுக்குப் பின்னால் வளர்ந்திருப்பது மிர்ட்டில் செடி. அது வீனஸுக்கு உரியது. கைகோத்த மூவர் கிரேஸ்கள் எனப்படும் சகோதரிகள். ஊதுகிறவன் மேற்குக் காற்றான செஃபிரஸ்.

ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். சிறகு இருந்தால் குயூபிட் என்று வைத்துக்கொண்டால் இந்தப் படத்தில் செஃபிரஸும் குயூபிட் ஆகிவிடுவான். வீனஸ் விஷயத்தில்கூட, ஆடையும் முக்காடுமாக அடக்கமாக நிற்கும் இவளை வீனஸ் என்று முகத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. மகனும் மிர்ட்டிலும் சேர்ந்து சொல்வதால்தான் நம்புகிறோம்.

வலப்பக்கத்து இரண்டு பெண்களிடம் இந்த முறை நின்றுபோகும். பூத்தூவுகிறவள் பூக்களின் தேவி ஃப்ளோரா என்று ஊகிக்கலாம். ஓடுகிறவள் கையில் எதுவும் இல்லை. வாயில் பூ மட்டும் இருக்கிறது. இனி நூலிடம்தான் போக வேண்டும்.

3. அவர்கள் படித்த நூலைத் தேடுங்கள்

ரோமக் கவிஞர் ஓவிட், ரோமானியர்களின் திருவிழாக்களை மாத வரிசையில் ‘ஃபாஸ்டி’ என்ற நெடுங்கவிதையாக எழுதினார். அதன் ஐந்தாம் பகுதி மே மாதத்துக்கு உரியது. அங்கே ஃப்ளோரா தானே வந்து தன் கதையைச் சொல்கிறாள். அவள் பேசும்போது வாயிலிருந்து வசந்தத்தின் ரோஜாக்கள் மூச்சோடு வெளிவருகின்றன என்று ஓவிட் எழுதுகிறார். படத்தில் நாம் பார்த்தது அதே காட்சி.

கதை இதுதான். இப்போது ஃப்ளோரா எனப்படும் நான் முன்பு குளோரிஸ் என்ற வனதேவதையாக இருந்தேன் என்கிறாள் அவள். வசந்த நாளொன்றில் திரிந்துகொண்டிருந்தபோது செஃபிரஸ் பார்த்துவிட்டான். விலகினாள், தொடர்ந்தான். ஓடினாள், அவனுக்கு வலு அதிகம். பலவந்தம் செய்தவன் பிறகு அவளை மனைவியாக்கிக்கொண்டான். பூத்துக் குலுங்கும் ஒரு தோட்டம் அவளுடையதாயிற்று; பூக்களின் அரசியானாள்.

ஆக, வலப்பக்கம் நிற்கும் இரண்டு பெண்களும் ஒருத்திதான். குளோரிஸ் நம் கண்முன்னே ஃப்ளோராவாக மாறுகிறாள். வாயிலிருந்து பூ விழுந்து மற்றவளின் உடையில் கலப்பதற்கும், கைகள் அந்த உடையைத் தொடுவதற்கும் காரணம் அதுதான். முதலிலேயே ‘இது குளோரிஸ், இது ஃப்ளோரா’ என்று பட்டியலில் படித்துவிட்டு வந்திருந்தால் இரண்டு பெயர்கள் கிடைத்திருக்கும். மாறுவதை நாமே பார்த்திருக்க மாட்டோம்.

இந்தக் கதையைச் சிலர் ‘காற்று காதலோடு தீண்ட வசந்தம் மலர்கிறது’ என்று இனிமையாக முடித்துவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஓவிட் பலவந்தம் என்றே சொல்கிறார். போட்டிச்செல்லியும் குளோரிஸின் முகத்தில் அச்சத்தைத்தான் வரைந்திருக்கிறார். கதை எந்த வரியில் வலிக்கிறதோ அந்த வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஏன் என்பது வீட்டுக்குள் போனபின் தெரியும்.

ஒரே நூலில் ஒன்பது பேரும் கிடைப்பார்களா? கிடைக்க மாட்டார்கள். ரோமக் கவிஞர் லுக்ரீஷியஸ் தன் கவிதையில் வசந்தத்தின் ஊர்வலம் ஒன்றை வர்ணிக்கிறார். அதில் வீனஸும் செஃபிரஸும் ஃப்ளோராவும் வருகிறார்கள். தாய் ஃப்ளோரா வழியெங்கும் பூவிறைக்கிறாள். இன்னொரு ரோமக் கவிஞர் ஹோரஸின் ஒரு குறும்பாடல் வீனஸை அழைக்கும்போது குயூபிட்டையும், இடைக்கச்சை தளர்ந்த கிரேஸ்களையும், மெர்க்குரியையும் சேர்த்து அழைக்கிறது. கிரேஸ்கள் ஏன் கைகோத்திருக்கிறார்கள் என்பதற்கு ரோமத் தத்துவ அறிஞர் செனெகாவிடம் விளக்கம் இருக்கிறது. ஒருத்தி கொடுக்கிறாள், ஒருத்தி பெறுகிறாள், ஒருத்தி திருப்பித் தருகிறாள். 1435இல் ஓவியக் கலை பற்றி எழுதிய அல்பெர்ட்டி, ஓவியர்கள் இந்த மூவரை வரையலாமே என்று இதையே எடுத்துச் சொன்னார்.

நூலைத் தேடும்போது ஒரு கேள்வியை மறக்காதீர்கள்: இது அவர்கள் கைக்குக் கிடைத்திருக்குமா? லுக்ரீஷியஸின் கவிதை வெகுகாலம் மறைந்து கிடந்து 1417இல்தான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. 1480இல் ஃபுளோரன்ஸின் படித்த வட்டாரத்தில் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். அதனால் அந்தச் சாட்சி செல்லும். படத்துக்குப் பின் வந்த நூலையோ, அன்று யாரும் அறியாத கதையையோ கொண்டுவந்து பொருத்தினால் செல்லாது.

4. படம் யார் வீட்டுச் சுவரில் இருந்தது?

புதியவர்கள் அதிகம் தாண்டிப் போகும் படி இது. அறிஞர்களே இங்கே வழி மாறியிருக்கிறார்கள்.

ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி 1550இல், நகருக்கு வெளியே காஸ்தெல்லோ மாளிகையில் இந்தப் படத்தைப் பார்த்ததாகக் குறித்தார். கிரேஸ்கள் வீனஸுக்குப் பூச்சூட்டுகிறார்கள், அது வசந்தத்தைக் குறிக்கிறது என்று எழுதினார். ‘ப்ரிமவேரா’ என்ற பெயர் அந்த வரியிலிருந்து வந்ததுதான். போட்டிச்செல்லி வைத்த பெயர் அல்ல. படத்தில் கிரேஸ்கள் யாருக்கும் பூச்சூட்டவில்லை என்பதையும் கவனியுங்கள். அவர்கள் தங்களுக்குள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பழைய சாட்சி என்பதற்காக அது சொன்னதெல்லாம் சரியாகிவிடாது.

அதே மாளிகையில் போட்டிச்செல்லியின் ‘வீனஸின் பிறப்பு’ம் இருந்தது. ஆகவே இரண்டையும் ஜோடியாக வைத்துப் பெரிய பெரிய விளக்கங்கள் எழுந்தன. 1975இல், ஃபுளோரன்ஸில் செல்வாக்கு மிக்க மெடிச்சிக் குடும்பத்தின் ஒரு கிளை வைத்திருந்த பழைய சாமான் பட்டியல் அச்சில் வெளிவந்தது. 1490களின் கடைசியில் எழுதப்பட்டது. அதன்படி ‘ப்ரிமவேரா’ அப்போது நகரத்து வீட்டில் இருந்திருக்கிறது. லொரென்சோ தி பியர்ஃபிரான்செஸ்கோ என்ற இளைய மெடிச்சியின் படுக்கையறையை ஒட்டிய அறையில், முதுகுப்பலகை உயர்ந்த ஒரு திவானுக்கு மேலே மாட்டியிருந்தார்கள். ‘வீனஸின் பிறப்பு’ அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஒன்று மரப்பலகை, மற்றது துணி. ஜோடி என்ற எண்ணம் தளர்ந்துபோயிற்று.

அந்த லொரென்சோவுக்கும் செமிராமிதே அப்பியானிக்கும் 1482இல் திருமணம் நடந்தது. படம் அதற்காகவே செய்யப்பட்டது என்று சொல்லும் ஒப்பந்தம் எதுவும் நம்மிடம் இல்லை. ஆனால் காலமும் அறையும் அந்தப் பக்கம்தான் கைகாட்டுகின்றன. மணமான பெண்போல் தலையை மூடிய வீனஸ், பலவந்தத்துக்குப் பின் மனைவியாகித் தோட்டத்துக்கு அரசியாகும் குளோரிஸ், அம்பு குறிவைத்திருக்கும் நடனப் பெண், தலைக்கு மேல் பழுத்துத் தொங்கும் தோப்பு எல்லாமே திருமணத்தைப் பேசக்கூடியவை. புது மணப்பெண் நாள்தோறும் கடந்துபோகும் அறையில், பயந்து ஓடும் பெண் பூவாக மாறும் காட்சி. உனக்கும் இப்படித்தான் ஆகும், பயப்படாதே என்று அந்தப் படம் அவளிடம் சொல்லியிருக்குமோ? ஓவிட்டின் ஃப்ளோராவும் தன் மணவாழ்வில் குறையில்லை என்றுதான் சொல்கிறாள். வலிக்கும் வரியை விட்டுவிடாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். அதை நீக்கிவிட்டால், அந்தக் காலத்தில் திருமணத்தைப் பற்றிப் பெண்ணிடம் என்ன சொன்னார்கள் என்பது நமக்குக் கேட்காது.

5. செடிகொடிகளில் நிதானம் வேண்டும்

இந்தப் படத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட செடி வகைகளைத் தாவரவியலாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பொருள் தேடப் புறப்பட்டால் திரும்பி வர முடியாது. பெரும்பாலான பூக்கள் அங்கே இருப்பது, அது வசந்தம் என்பதால்தான்.

எந்தச் செடிக்குப் பொருள் தேடலாம்? உருவத்தோடு ஒட்டி நிற்பவற்றுக்கும், ஓவியர் வலிந்து இடம் கொடுத்தவற்றுக்கும். வீனஸின் பின்னால் இருக்கும் மிர்ட்டில் அப்படிப்பட்டது. வலப்பக்கம் வளையும் மரங்கள் லாரல், லத்தீனில் ‘லாருஸ்’. லொரென்சோ என்ற பெயரின் லத்தீன் வடிவம் ‘லாரென்டியுஸ்’. மெடிச்சி வட்டாரக் கவிஞர்கள் இந்தச் சொல்விளையாட்டை விரும்பிக் கையாண்டவர்கள். ஆகவே இதைத் தைரியமாகச் சொல்லலாம். தோப்பில் பழுத்துத் தொங்கும் ஆரஞ்சு மெடிச்சிக் குடும்பத்தின் அடையாளம் என்று பலர் சொல்கிறார்கள், திருமணத்தின் அடையாளம் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் பொருந்துகின்றன, நான் இரண்டையும் பென்சிலால்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

6. பெரிய விளக்கங்களை எடைபோடுங்கள்

இவ்வளவும் ஆனபின் அறிஞர்களைப் படியுங்கள். 1893இல் ஆபி வார்பர்க் இந்தப் படத்தைப் பழைய கவிதைகளோடு இணைத்துக் காட்டினார். 1945இல் எர்ன்ஸ்ட் கோம்பிரிச் ஒரு கடிதத்தை முன்வைத்தார். தத்துவ அறிஞர் ஃபிச்சீனோ இளம் லொரென்சோவுக்கு எழுதியது அது. வீனஸைப் பார், அவள் மனிதப் பண்பின் வடிவம் என்று அறிவுரை சொல்கிறது. வேறு சிலர் இந்தப் படத்தை மாதங்களின் வரிசையாகப் படிக்கிறார்கள். வலது ஓரத்துக் காற்று வசந்தத்தின் தொடக்கம், இடது ஓரத்து மெர்க்குரி மே மாதம். அவன் தாயின் பெயர் மாயா. அப்படிப் பார்த்தால் அவன் கடைசி மேகத்தைக் கலைத்துவிட்டு வசந்தத்தை முடித்துவைக்கிறான்.

எந்த விளக்கத்திடமும் நான் கேட்பது ஒன்றுதான்: ஒன்பது பேரில் எத்தனை பேருக்கு இது பதில் சொல்கிறது? ஃபிச்சீனோவின் கடிதம் நடுவில் நிற்கும் வீனஸை அழகாக விளக்குகிறது. வாயிலிருந்து பூ விழுவதைப் பற்றி அதற்குச் சொல்ல எதுவும் இல்லை. திருமணமும் ஓவிட்டும் சேர்ந்த விளக்கம் வலப்பக்கத்துக்கும் நடுவுக்கும் பதில் சொல்கிறது, மெர்க்குரியிடம் வந்ததும் தடுமாறுகிறது. மாதக் கணக்கு மெர்க்குரிக்கு நல்ல பதில். இவை ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை. படித்தவர்கள் கூடும் வீட்டில், விருந்தினர்கள் நின்று பேசுவதற்காகவும் செய்யப்பட்ட படம் இது.

7. எழுதிப் பாருங்கள்

இறுதியாக, உங்கள் வாசிப்பை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ஒரு சொல் குறியுங்கள்: ‘பார்த்தது’, ‘படித்தது’, ‘ஊகித்தது’. பார்த்ததைவிட ஊகித்தது அதிகமாகிவிட்டால் மறுபடி படத்துக்குப் போங்கள். நான் நண்பர்களோடு இதைச் செய்து பார்த்திருக்கிறேன். முதல் முறை எல்லோருக்கும் ஊகம்தான் நிறைய வரும். இரண்டாம் முறை மாறிவிடும்.

அடுத்த பயிற்சிக்கு டிஷியன் வரைந்த ‘பாக்கஸும் அரியாட்னியும்’ எடுத்துக்கொள்ளுங்கள். 1520–1523இல் ஃபெராரா நகரத் தலைவர் அல்ஃபோன்சோ தெஸ்தேயின் அறைக்காக வரைந்தது, இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. சிவிங்கிப்புலிகள் பூட்டிய தேரிலிருந்து ஒருவன் பாய்கிறான், பாம்பு சுற்றிய ஒருவன் தடுமாறுகிறான், ஒரு குட்டி ஆட்டுக்காலன் கன்றுக்குட்டியின் தலையை இழுத்துக்கொண்டு வருகிறான். கண் அங்கேயே போகும். அதையெல்லாம் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இடது ஓரத்தில் கடலைப் பாருங்கள். தூரத்தில் சின்னதாக ஒரு கப்பல் போய்க்கொண்டிருக்கிறது. அது யாருடையது, ஏன் அந்தப் பெண்ணின் கை அந்தத் திசையில் நீண்டிருக்கிறது, அவள் தலைக்கு மேலே பகல் வானத்தில் ஏன் வட்டமாக நட்சத்திரங்கள் என்ற மூன்று கேள்விகளோடு தாளை எடுத்து உட்காருங்கள்.